ஒரு நாள் சர்க்கரை

எங்கள் தெருவில் ஒன்பது வயதிலேயே சர்க்கரை வியாதி வந்த ஒரே ஆள் நான்தான். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது எனக்கு லேசாக நெஞ்சு நிமிரும். ஒரே ஒரு நாள்தான் நீடித்தது என்பது வேறு விஷயம்.

ஒன்றுக்குப் போனால் எரிகிறது என்று நான் அழுததில் ஆரம்பித்தது. அம்மாவுக்குச் சுத்தம் என்றால் உயிர். டாக்டரிடம் அழுக்குப் பாட்டிலையா நீட்டுவது என்று, காலி சிரப் பாட்டில் ஒன்றை ஒரு முறைக்கு நான்கு முறை தேய்த்துக் கழுவி, என் சிறுநீரை அதில் பிடித்து, என்னையும் கூட்டிக்கொண்டு கீரமங்கலத்துக்கு பஸ் ஏறினாள்.

டாக்டரம்மா பாட்டிலுக்குள் ஒரு பட்டையை முக்கி எடுத்தார். அதில் வரிசையாகச் சின்னச் சின்னக் கட்டங்கள். சற்று நேரத்தில் ஒரு கட்டம் நிறம் மாறியது. டப்பாவில் அச்சடித்திருந்த நிறங்களோடு வைத்துப் பார்த்தவரின் முகமும் மாறியது.

“சுகர் காட்டுதேம்மா. ஆனா பட்டைய மட்டும் நம்பிச் சொல்லிற முடியாது. வேற பாட்டில் தாரேன், ரத்தமும் எடுத்து லேபுக்கு அனுப்புவோம். நாளைக்கு வாங்க.”

அம்மாவுக்கு ‘சுகர்’ மட்டும்தான் காதில் விழுந்தது. எனக்கும் அதுதான் விழுந்தது. அடேயப்பா, எனக்கா! எங்கள் வீட்டில் அது பெரியப்பாவுக்கு மட்டுமே இருந்தது. அவருக்குத் தனி டீ, ராத்திரி சப்பாத்தி, கல்யாண வீட்டில் முதல் பந்தி. சுகர்காரர் பசி தாங்கமாட்டார் என்று ஆளுக்காள் வழிவிடுவார்கள். அந்த மரியாதை ஒன்பது வயதில் கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

அன்று சாயங்காலம் எனக்கும் சர்க்கரை இல்லாத டீ வந்தது. வாயில் வைக்க முடியவில்லை. பெரியப்பா மாதிரியே காலை ஆட்டிக்கொண்டு மிச்சமில்லாமல் குடித்தேன். “சுகர்காரிகிட்ட வேல சொல்லாத” என்று அக்காவை அதட்டினேன். அம்மா அடுப்படிச் சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தாள். அப்பா இரண்டு முறை கூப்பிட்டும் சாப்பிட வரவில்லை.

மறுநாள் லேப் தாளைப் படித்ததும் டாக்டரம்மா சிரித்துவிட்டார். ரத்தத்திலும் சரி, சிறுநீரிலும் சரி, சர்க்கரை எதுவும் இல்லை. வெறும் கிருமிதான், மாத்திரையில் போய்விடும். பிறகு சந்தேகமாகக் கேட்டார்.

“நேத்துக் கொண்டாந்த பாட்டில எதுல கழுவுனீங்க?”

“பிளீச்சிங் பவுடர்லங்க. அவுக பஞ்சாயத்து டேங்க் ஆபரேட்டரு, தண்ணியில போடுறது வீட்டுல இருக்கும்.”

“அதான்! அந்தப் பவுடர் ஒட்டியிருந்தா, இல்லாத சுகரையும் பட்டை காட்டிரும்மா. தப்பு ஒங்க பாட்டில்லதான்.”

குழம்பில் உப்புக் கூடினாலும் உப்பைத்தான் திட்டுவாளே தவிர, தன்னைச் சொல்லமாட்டாள் அம்மா. அன்றைக்கு, “ஆமாங்க, நாந்தாங்க! நாந்தாங்க போட்டேன்!” என்று டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். திரும்பும் பஸ்ஸில் முன்சீட்டு, பின்சீட்டு, கண்டக்டர் என்று ஒருவர் விடாமல், “எம்புள்ளைக்கு ஒண்ணுமில்ல, நாந்தான் பவுடரப் போட்டுக் கெடுத்துட்டேன்” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கிடைத்த வியாதியும் போச்சு. தப்பைப் பண்ணிவிட்டு, அதை ஊரெல்லாம் பீற்றிக்கொள்ள என்ன இருக்கிறது என்று எனக்கு ஒரே கோபம்.