வாயால் மறுத்த லீவு

என் அக்காவின் வீட்டுக்காரர் ராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் வாசலில் செருப்புகள் அணிவகுத்துத்தான் நிற்க வேண்டும். என் செருப்பு கோணலாகக் கிடந்தால் காலாலேயே நகர்த்திச் சரிசெய்வார். அதிர்ந்து பேச மாட்டார், யார் வம்புக்கும் போக மாட்டார். அந்த நல்ல மனிதரை நினைத்தாலே எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

அவர் எடுக்காமல் விட்ட லீவுக்கெல்லாம் ஓய்வு பெறும்போது சம்பளம் தர வேண்டும். இலாகா கையை விரித்துவிட்டது. பணியின் அவசியம் கருதி லீவு மறுக்கப்பட்டதாக மேலதிகாரி எழுதிக் கொடுத்த உத்தரவு இருந்தால்தான் பணமாம். அப்படி ஓர் உத்தரவு எங்கிருந்து வரும்? அவர்கள் படையில் ஓர் அதிகாரி லீவை முதலில் வாயால்தான் கேட்பார். மேலே இருப்பவர் தலையாட்டினால் விண்ணப்பம் எழுதுவார். முடியாது என்று சொன்ன பிறகும் எழுதிக் கொடுத்தால் அதற்குப் பெயர் திமிர். அத்தானுக்கும் திமிருக்கும் வெகு தூரம். கேட்டார், முடியாது என்றார்கள், சல்யூட் அடித்துவிட்டுத் திரும்பினார். வருஷா வருஷம் இதே கதைதான்.

அந்தப் பணத்தை நம்பித்தான் வாடகை வீட்டிலிருந்து மாறலாம் என்று இருந்தார்கள். நான்தான் பிடிவாதமாக வழக்குப் போட வைத்தேன்.

தீர்ப்பாயத்தில் இலாகாவின் வக்கீல் எழுந்து, "இவர் லீவே கேக்கல, யாரும் மறுக்கவும் இல்ல. வீட்டுக்குப் போக இவருக்கே இஷ்டம் இல்லாம இருந்திருக்கலாம்" என்றார். சொல்லிவிட்டு லேசாகச் சிரிக்கவும் செய்தார். அந்தச் சிரிப்புக்கு ஓங்கி ஓர் அறை விட்டிருக்க வேண்டும்.

பக்கத்தில் அக்கா முகம் வெளுத்துப் போனாள். அந்தச் சந்தேகம் அவளுக்குப் பல வருஷமாக உண்டு.

அத்தான் முகாமில் இருந்த காலத்தில், அக்கா ஏழு மாதக் கர்ப்பத்தில் ரத்தப்போக்கோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வெட்கத்தை விட்டு முகாமுக்கு அவளே போன் செய்தாள். எடுத்தவர் அத்தானின் கர்னல். "இங்க எல்லாருக்கும்தாம்மா பெண்டாட்டி இருக்கா" என்று சொல்லி வைத்துவிட்டார். அப்போது போரும் இல்லை, கலவரமும் இல்லை. ஜெனரல் பார்வையிட வருகிறார் என்று சாலையோரக் கற்களுக்கு வெள்ளையடித்துக் கொண்டிருந்தார்கள். அத்தான் அதற்கு மேற்பார்வை. குழந்தை போய்விட்டது. அக்கா உயிர் பிழைக்கக் கர்ப்பப்பையை எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். கணவன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில், காலேஜில் படித்துக் கொண்டிருந்த நான் போட்டேன். எல்லாம் முடிந்து வந்த அத்தான் அக்காவிடம் சொன்ன முதல் வார்த்தை, "கர்னலுக்கு எதுக்குப் போன் பண்ண? எனக்கு எவ்ளோ அசிங்கம் தெரியுமா?" லீவு கேட்டாரா என்று அவளும் கேட்கவில்லை, அவரும் வாய் திறக்கவில்லை.

இலாகா அதே கர்னலைத்தான் சாட்சிக்கு அழைத்து வந்தது. வராந்தாவில் அவர் தலை தெரிந்ததும் பெஞ்சில் இருந்த அத்தான் விறைப்பாக எழுந்து நின்றார். "எப்படிப்பா இருக்க?" என்று கர்னல் தோளில் தட்டினார். "நல்லா இருக்கேன் சார்" என்கிறார் இவர். பிறகு அந்த மனிதர் உள்ளே போய், "என் கீழ வேல பாத்த யாருக்கும் நான் லீவு மறுத்ததே இல்ல" என்று கூசாமல் சொன்னார்.

எங்கள் வக்கீலம்மா அத்தானிடம் கிசுகிசுத்தார். "அவர் சொல்றது பொய்னு நீங்க கூண்டுல சொல்லணும் சார்."

"அவர் என் கமாண்டர். அப்படிச் சொல்ல என்னால முடியாதும்மா."

"அப்ப என்னக் கூண்டுல ஏத்துங்க" என்றாள் அக்கா.

ஏறினாள். போன் செய்ததை, கர்னல் சொன்னதை, என் கையெழுத்தை, ஒன்று விடாமல் சொன்னாள். குரல் உடையவில்லை. கர்னல் தனக்கு ஞாபகம் இல்லை என்றார். நீதிபதி அத்தானைக் கூப்பிட்டார்.

"அந்த வாரம் நீங்க லீவு கேட்டீங்களா, இல்லையா?"

அத்தான் நிமிர்ந்து நின்றார். பேசாமலே வந்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் நீதிபதியைப் பார்க்காமல் கர்னலைப் பார்த்தார். கைகள் தொடையோடு ஒட்டியிருந்தன.

"கேட்டேன் சார். மூணு தடவ உங்க ரூமுக்கு வந்து கேட்டேன். மறுபடி வந்தா ப்ரமோஷன மறந்துடுன்னு சொன்னீங்க சார். அதுக்கப்புறம் நான் வரல."

கர்னல் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். இலாகாவின் வக்கீல் சிரிக்கவில்லை. தீர்ப்பு எங்கள் பக்கம்தான் என்று வக்கீலம்மா என் காதில் சொன்னார். பின்னால் வந்ததும் அதேதான், வட்டியோடு.

வெளியே வந்ததும் அத்தான் அக்காவின் முன்னால் போய் நின்றார். பெரிய பாரத்தை இறக்கி வைத்த முகம்.

"சொல்லிட்டேன்" என்றார்.

"நீங்க கேட்டிருக்கீங்க, அந்த ஆளு மறுத்திருக்கான். அதான் இப்பத் தெரிஞ்சுபோச்சே" என்றாள் அக்கா. "அவன் மறுத்தா என்ன? நீங்க பஸ் ஏறி வந்திருக்கலாம் இல்ல?"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.