தலைக்கு வைத்த துண்டு

பெஞ்சில் நான். பக்கத்தில் என் வீட்டுக்காரி சரசு, சேதி கேட்டு ஓடி வந்தவள், என் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். எதிரே தறி முதலாளி. என்னை மொபெட்டில் கூட்டி வந்தவர் அவர்தான். ஊசி போட்ட நர்ஸம்மா. மேஜைக்கு அந்தப் பக்கம் டாக்டரம்மா. பல்லடத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. தொண்ணூற்றாறு, மாசி மாதம், காலை பத்து மணி.

தறிக் குடோனில் நாலு தறி ஓட்டுகிறேன். அன்றைக்கு நூல் முடிச்சுப் போடக் குனிந்தவன் நிமிர முடியவில்லை. உள்ளே போன காற்று வெளியே வரவில்லை.

இளைப்பு எனக்குப் புதிதில்லை. வருஷா வருஷம் பனி விட்டு வெயில் ஏறும்போது வரும். வேம்பு பூக்கும், வறண்ட காற்று மண்ணைத் தூக்கும். அந்த மாதங்களில் சளி, காய்ச்சல், அம்மை என்று எல்லா வீட்டிலும் ஏதோ ஒன்று இருக்கும். எங்கள் வீட்டில் இது. போன பங்குனியில் பாதி நாள் என் தறிகள் நின்றன.

முதலாளி அதை மறக்கவில்லை. கோபமாகவும் பேசவில்லை.

"மாரப்பா, உன்னையக் குத்தம் சொல்லலை. இந்தப் பங்குனிக்கும் தறி நின்னா வேற ஆளைப் போட்டுருவேன், பாத்துக்க."

எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

டாக்டரம்மா ஆஸ்துமா என்றார் (மூச்சுக்குழல் சுருங்கிப்போவது). ரெண்டு இன்ஹேலர் கொடுத்தார் (மருந்தை மூச்சோடு உறிஞ்சும் டப்பி). நீலம், மூச்சு முட்டினால். பழுப்பு, நன்றாக இருந்தாலும் தினம் ரெண்டு வேளை, அப்புறம் வாய் கொப்பளிக்க வேண்டும். இது பழகிவிட்டால் விடாது, கடைசி மருந்து இது என்று ஊரில் சொன்னார்கள். டாக்டரம்மாவிடமே கேட்டேன். அப்படியெல்லாம் இல்லை என்றார். நம்பினேன்.

குடோனில் நான் நீலத்தை இழுத்தால் பக்கத்துத் தறி ரங்கன் சும்மா இருக்க மாட்டான். "கண்டக்டர் விசிலடிச்சுட்டாருங்க, வண்டி கெளம்பலாம்" என்பான். சிரித்துவிட்டு இழுப்பேன்.

ஆனால் விடியக்காலை இளைப்பு மட்டும் விடவில்லை. பஞ்சுத் தூசியில் நிற்கும்போது தாங்குகிறது, வீட்டில் படுத்து எழுந்தால் நெஞ்சு அடைக்கிறது. பத்தாம் நாள் திரும்பப் போனோம். பங்குனி பிறக்க ஒரு வாரம்கூட இல்லை.

டாக்டரம்மா என்னை விட்டுவிட்டு சரசுவிடம் கேட்டார். எங்கே படுப்பார், பாய் எது, தலையணை எது என்று. தலையணை இல்லை என்றாள் சரசு. துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்வேன் என்றாள்.

"எந்தத் துண்டு?"

என் தோளில் கிடந்தது. தறியில் நிற்கும்போது மூக்கில் கட்டுவதும் அதுதான். வாங்கி, ஜன்னல் வெயிலில் ஒரு உதறு உதறினார். பஞ்சு பறந்தது. வெகுநேரம் கீழே இறங்கவே இல்லை.

சரசு என்னைப் பார்த்தாள். "ஏனுங்க, மூக்குக்குள்ள போகக்கூடாதுன்னு கட்டிப்போட்டு, ஊட்டுக்குக் கொண்டாந்து அதுலயே மூஞ்சியப் பொதைச்சுப் படுத்துக்கறீங்களே."

நர்ஸம்மா சிரித்துவிட்டார். நானும்.

அன்றிலிருந்து அந்தத் துண்டு குடோன் ஆணியை விட்டு வரவில்லை. அங்கேயே அலசிக் காயப்போடுவேன். வீட்டுக்குள் நுழையுமுன் குளியல். பாயை வெயிலில் போட்டாள் சரசு. குடோனில் கூட்டுவதற்கு முன்னால் தண்ணீர் தெளிக்கச் சொன்னேன். ரங்கன் முணுமுணுத்தான், பிறகு தெளித்தான். அவனுக்கும் இருமல் குறைந்தது. வெளியே சொல்ல மாட்டான்.

ஆறாம் நாள் நெஞ்சில் சத்தம் இல்லாமல் எழுந்தேன். பயமாக இருந்தது. நீலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். தேவைப்படவில்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு இளைப்பு இருந்தால், ஒன்று சொல்வேன். நோய் போய்விடவில்லை. பழுப்பை இன்னும் அடிக்கிறேன். டாக்டர் சொல்லாமல் நிறுத்த மாட்டேன். தூசி எங்கே இருக்கிறது என்று வேலை செய்யும் இடத்தில் மட்டும் தேடாதீர்கள்.

முன்னெல்லாம் ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நிறைய நேரம் இருக்கும். ஒவ்வொன்றையும் நானே இழுக்க வேண்டும். இப்போது அது என்னைக் கேட்காமல் போய் வருகிறது. சாயங்காலம் ஆவதே தெரிவதில்லை.

அந்தப் பங்குனியில் ஞாயிறு போகத் தறி ஓடிய நாள் இருபத்தாறு. நான் தறியில் நின்ற நாளும் இருபத்தாறு.