மாமா கல்யாணமும் கியர்பாக்ஸும்

ஓடாத காரைப் பிரித்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். நன்றாக ஓடிக்கொண்டிருந்த காரை, அதுவும் மைத்துனன் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது பிரித்துப் போட்டவர் எனக்குத் தெரிந்து என் அப்பா ஒருவர்தான்.

அப்பா விசைப்படகில் டிரைவர். கடலுக்குப் போகாத நாட்களில், கல்மண்டபம் பகுதியில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற பழைய அம்பாசடருக்கு அடியில் படுத்திருப்பார். துருப்பிடித்த தகரமாக வந்து சேர்ந்ததை இரண்டு வருஷம் பாடுபட்டு ஓட வைத்திருந்தார். அந்தக் காலத்து வண்டி; கியர் கம்பி ஸ்டியரிங்கை ஒட்டி மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கீழே இடைஞ்சல் எதுவும் இல்லாததால் முன் சீட்டு ஒரே நீளப் பெஞ்சு. அதில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் நடுவில் உட்கார்ந்து எண்ணூர் வரை போய்வருவது ஒன்பது வயதில் எனக்கு ஒரு ராஜ்ஜியம்.

எங்கள் வீட்டிலேயே இருந்த அம்மாவின் தம்பிக்கு எர்ணாவூரில் பெண் நிச்சயமானது. மாப்பிள்ளை கார் நம்முடையதுதான் என்று அப்பாவே தெருவெல்லாம் சொல்லிவைத்தார். சொன்ன வாய் மூடுவதற்குள் மூன்று சக்கர மீன்பாடி வண்டியில் சாக்கு சுற்றிய கனத்த இரும்பு ஒன்று வந்து இறங்கியது. வேறொரு வண்டியிலிருந்து கழற்றிய கியர்பாக்ஸ். கம்பி காரின் தரையிலிருந்து முளைக்கிற வகை.

"கீற கியருக்கு இன்னா கேடு?" என்றாள் அம்மா.

"இதுல அஞ்சு கியரும்மே. சும்மா பறக்கும்."

"கல்மண்டபத்துல எங்கய்யா பறக்கப் போற? மீன் கூடை மேலயா?"

அன்று சாயங்காலமே கார் மரக்கட்டைகள் மேல் ஏறிவிட்டது. வாசல் பாதி அடைபட்டது. பத்திரிகை கொடுக்க வந்தவர்களும் பாத்திரம் கொண்டுவந்தவர்களும் ஒருக்களித்து நுழைந்து, புடவையில் கிரீஸோடு திரும்பிப் போனார்கள். புதுப் பெட்டி எஞ்சினோடு சேரவில்லை; நடுவில் வைக்க லேத் பட்டறையில் ஒரு தகடு கடைந்து வந்தார். கம்பி வெளியே வரத் தரையில் ஓட்டை வெட்டினார். அது ஒரு சாண் முன்னால் விழுந்தது. அதைத் தகரம் வைத்து மூடி, வேறு ஓட்டை வெட்டினார். பின்சக்கரத்துக்குப் போகிற தண்டு நீளம் என்று அப்புறம்தான் தெரிந்தது. மறுபடியும் லேத் பட்டறை.

இத்தனைக்கும் அப்பா எதையும் தூக்கவில்லை. அடியில் படுத்துக்கொண்டு உத்தரவு போடுவார். தூக்கியதெல்லாம் மாமா. பந்தக்கால் நட்ட பிறகு மாப்பிள்ளை வேலை செய்யக் கூடாது என்பார்கள். மாமா நலங்கு மஞ்சள் முகத்தோடு கியர்பாக்ஸை நெஞ்சில் தாங்கிக்கொண்டு நின்றார்.

"நீ படுத்துகினு சொல்ற, நான் தூக்கிகினு சாவுறேன். எங்கல்யாணம் முடியட்டும்னு சொன்னா கேக்குறியா மாமா?"

"இன்னும் ஒரு இன்ச்சு தூக்கு மச்சான்" என்றது காரின் அடியிலிருந்து குரல்.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலையில் வண்டி கீழே இறங்கியது. தெருவே கூடியது. அப்பா முதல் கியர் என்று நம்பி எதையோ போட்டார். கார் சர்ரென்று பின்னால் போய்ப் பந்தல் காலில் மோத, அதில் கட்டியிருந்த வாழைமரம் குலையோடு காரின் மேல் சாய்ந்தது. எதிர்வீட்டு அக்கா சிரித்துச் சிரித்து மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டாள்.

"உன்ன கும்புட்டுக்கிறேன் மாமா, ஒரு ஆட்டோ புடிச்சிக் குடு" என்றார் மாமா, அழுகிற குரலில். அம்மா திட்டத் தொடங்கினாள். மத்தியானச் சோறு வெந்து இறங்கும்வரை நிறுத்தவில்லை.

சாயங்காலம் காருக்குப் பூச்சரம் கட்டினார்கள். மாமா ஒரு முனையைக் கூரை மேல் போட்டு, மறுபக்கம் வலது கையில் நூல்கண்டோடு நின்ற அப்பாவை இடது கையால் எட்டிப் பிடிக்கச் சொன்னார். அப்பாவின் கை நெஞ்சுயரத்தில் நின்றுவிட்டது.

"தூக்குய்யா" என்றாள் அம்மா.

"தூக்கிகினுதான கீறேன்."

அம்மா அருகே போய் அந்தக் கையைப் பிடித்து மெல்ல உயர்த்தினாள். அப்பா பல்லைக் கடித்தார்.

"எத்தினி நாளா?"

"வல இழுக்குற விஞ்ச் கயிறு கைய இழுத்துகினு பூட்ச்சி. ரெண்டு மாசமாவுது. போட்ல தெரிஞ்சா இறக்கி வுட்ருவாங்கமே. கத்தாத."

அம்மாவின் பார்வை காருக்குள், கையைத் தூக்காமலே எட்டுகிற உயரத்தில் நின்ற புதுக் கியர் கம்பிக்குப் போனது. பூச்சரத்தை வாங்கித் தானே கட்டினாள். மாமா மறுபடியும் ஆட்டோ என்று ஆரம்பித்தபோது, "அவரு ஓட்டுவாரு. நீ போய் மூஞ்சக் கழுவு" என்று அதட்டினாள். இத்தனை நாள் என்னோடும் மாமாவோடும் எதிர்க்கட்சியில் இருந்தவள் திடீரென்று அந்தப் பக்கம் தாவியது எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் என் இடத்தில் கியர் கம்பி நின்றது. நான் பின்சீட்டில் தள்ளப்பட்டு, உம்மென்று எர்ணாவூர் போய்ச் சேர்ந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எண்ணூர்ப் பக்கம் ஒரு காலி மைதானத்தில் அம்மா அப்பாவை இறங்கச் சொன்னாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர் இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். "எது கிளச்சு, எது பிரேக்கு? சீக்கிரம் சொல்லு" என்றாள். வண்டி குதித்துக் குதித்து நின்றது. அவள் விடவில்லை. அந்தக் கை முழுதாக ஓய்ந்து போவதற்குள் கற்றுக்கொண்டுவிட வேண்டுமென்ற அவசரம் அது என்று எனக்கு எங்கே தெரிந்தது? அம்மாவுக்கும் கார்ப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று திங்கட்கிழமை பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிச் சிரித்தேன்.