ஜவுளிக்கடைக்காரரோடு இருவாச்சி பார்க்கப் போனது

இருவாச்சிப் பறவையைக் கண்ணால பார்த்துடணும்னு எனக்குப் பல வருஷமா ஆசை. தி.நகர் ஜவுளிக்கடைக்காரர் பெண்டாட்டிக்கு இதெல்லாம் தேவையான்னு சொந்தக்காரங்க சிரிப்பாங்க. சிரிச்சுட்டுப் போகட்டும். பெருங்குடி குப்பைமேட்டுப் பக்கம் மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னு பூநாரை பார்த்தவ நான். அடையாறு முகத்துவாரத்துல வெயில்ல கருவாடா காய்ஞ்சிருக்கேன். ஆனா இருவாச்சி இங்கெல்லாம் வராது. அதுக்குப் பொந்து விழுந்த பழைய பெரிய மரம் வேணும். வால்பாறைப் பக்கம் மலைக்காட்டுக்குத்தான் போகணும்.

கடைக்கு ஏது லீவு? ஆடித் தள்ளுபடி முடிஞ்சா தீபாவளி, அது முடிஞ்சா பொங்கல், நடுவுல முகூர்த்தம். இந்த வருஷம் பொங்கல் கூட்டம் ஓய்ஞ்சதும் ஒரே பிடியா நின்னேன். "சரி, போவோம். காட்டுக்குள்ள ஒரு நாள்தான், மறுநாள் கடையைத் தொறந்தாகணும்"னார் என் வீட்டுக்காரர். எனக்கு அந்த ஒரு நாள் போதும்னு தோணுச்சு. கூட யார் வர்றாங்கன்னு யோசிக்கத் தவறிட்டேன்.

அவர் நல்ல மனுஷர். ஆனா வாய் இருக்கே, அது தெருவுல போறவங்களை எல்லாம் கூப்பிட்டுக் கூப்பிட்டே வளர்ந்த வாய். சும்மா பேசினாலே எதிர்க்கடைக்குக் கேட்கும்.

காட்டு வாசல்லயே வழிகாட்டி சொல்லிட்டார், "மெதுவாப் பேசணும், பேசாமலே இருந்தா இன்னும் நல்லது." இவர் பலமாத் தலையாட்டினார். உள்ளே போய்க் கொஞ்ச நேரத்துல வழிகாட்டி ஒரு பலாமரத்தைக் காட்டினார். மேல சிங்கவால் குரங்கு, பிடரி மயிரைச் சிலுப்பிக்கிட்டு உட்கார்ந்திருந்தது. உலகத்துலயே இந்த மலைகள்லதான் இருக்குன்னார். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. இவர் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்தார். "நல்லாருக்கு. வேற என்ன இருக்கு?"

வழிகாட்டி பாவம், மலையணிலைக் காட்டினார். செக்கச்செவேல்னு, பூனை மாதிரி பெருசு. "இதுல இன்னும் பெரிய சைஸ் வருமா?"ன்னு கேட்டாரே பார்க்கணும்! கடையில அலமாரியையே கலைச்சுப் போட்டுட்டு "வேற காட்டுங்க"ன்னு சொல்ற கஸ்டமரைத் தினமும் வீட்டுக்கு வந்து கரிச்சுக்கொட்டுற ஆள் இவர். அன்னைக்கு எல்லாருக்கும் சேர்த்துப் பழிவாங்கினார்.

ஒருவழியா இருவாச்சி கூடு வச்ச மரத்துக்கு வந்தோம். அடேயப்பா, என்ன மரம்! நாலு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாது. உள்ளே பெட்டை அடைகாக்குது, ஆண் பழம் கொண்டுவரும், காத்திருங்கன்னுட்டு, யானை நடமாட்டம் இருக்கான்னு பார்க்க வழிகாட்டி முன்னால போனார். நான் மூச்சைக்கூட மெதுவா விட்டேன். இவர், "இந்தப் பக்கம் கிரவுண்டு என்ன ரேட் போகும்?" நான் முறைச்சேன். அப்பத்தான் தூரத்துல பெரிய றெக்கைச் சத்தம். "ஏட்டி, வருது! வருது!"ன்னு கத்தினார் பாருங்க. சத்தம் அப்படியே திரும்பிப் போயிருச்சு.

எனக்கு வந்த கோபத்துல அழுகையே வந்துருச்சு. பல்லைக் கடிச்சுக்கிட்டு ரகசியக் குரல்லயே திட்டினேன். "இனிமே வாயைத் தொறந்தீங்க, நான் ஊருக்கே வரமாட்டேன். இங்கேயே குரங்குகளோட இருந்துக்கிடுதேன். நீங்க போய்ப் பொங்கித் தின்னுங்க." மனுஷர் கப்சிப். ஒரே கட்டையில முதுகைக் காட்டி உட்கார்ந்தோம். நான் கூட்டைப் பார்த்து, அவர் அந்தப் பக்கம்.

ரொம்ப நேரம் கழிச்சு என் தோளைத் தொட்டார். தட்டிவிட்டேன். மறுபடி தொட்டார். சமாதானத்துக்கு வர்றார், இல்லேன்னா பையில இருக்கிற முறுக்கு வேணும்னு நினைச்சேன். கண்ணைக் கூட்டை விட்டு எடுக்கலை. மூணாவது தரம் முந்தானையைப் பிடிச்சு இழுத்தார். வெடுக்குன்னு பிடுங்கிக்கிட்டேன்.

தலைக்கு மேல யாரோ ஜமக்காளத்தை உதறின மாதிரி சத்தம். திரும்பினேன். அவருக்கு எதிர்ல இருந்த அத்திமரத்துல ஒரு கிளை மட்டும் ஆடிக்கிட்டிருந்தது.

"வந்துச்சா?"

தலையாட்டினார்.

"எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"பழம் பூரா தின்னு முடிக்கிற வரைக்கும்."

"ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன?"

"நீதானட்டி வாயைத் தொறக்கப்பிடாதுன்னே!" அவர் கண்ணு ரெண்டும் கலங்கியிருந்தது. "எவ்வளவு அழகு தெரியுமா"ன்னு வேற சொன்னார். எனக்கு வயிறு பத்தி எரிஞ்சது. வழிகாட்டி திரும்பி வந்து, இருட்டப்போகுதுன்னு கிளப்புற வரைக்கும் உட்கார்ந்தோம். அது திரும்பி வரலை.

இப்போ கடைக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் அதே கதை. ரெண்டு கையையும் விரிச்சு, கறுப்பு றெக்கையில வெள்ளைப் பட்டை, மஞ்சள் மூக்குன்னு ஒண்ணு விடாம சொல்றார். போன வாரம் ஒரு மயிலாப்பூர் மாமி என்னைப் பார்த்து, "நீங்களும் பார்த்தேளா? கண்ணு என்ன நிறம்?"னு கேட்டாங்க. "நல்ல சிவப்பு மாமி"ன்னு புத்தகத்துல படிச்சதைச் சொன்னேன். இவர் சேலையை மடிக்கிறதை நிறுத்திட்டு என்னையே பார்த்தார்.

அன்னைக்கு ஷட்டரை இறக்கும்போது சொன்னார், "அடுத்த மாசம் நீ மட்டும் போயிட்டு வாட்டி. நான் வரலை. நான் இல்லேன்னா அது கண்டிப்பா வரும்."

"வரும். அப்புறம் நான் யார் தோளைத் தொட?"ன்னேன்.