அக்கா வேகவைத்த ஸ்பாஞ்ச்

என் அக்காவைப் போன்ற சுத்தக்காரியை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். பார்த்திருந்தால் உங்களையும் பிடித்து ஒரு தடவை கழுவி விட்டிருப்பாள். முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரியில், ஆபரேஷன் தியேட்டரை ஒட்டிய அறையில், கத்தி, கத்தரி, துணி எல்லாவற்றையும் ஆவியில் வைத்துக் கிருமி கொல்லும் வேலை பார்த்தவள். ஒவ்வொரு பொட்டலத்திலும் ஒரு நாடா ஒட்டியிருக்கும். அது கறுத்தால் உள்ளே எந்தக் கிருமியும் உயிரோடு இல்லை என்று அர்த்தம். நாடா கறுக்காத பொட்டலம் ஒன்றுகூடத் தன் கையைத் தாண்டிப் போனதில்லை என்பாள். அவள் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொண்டது அது ஒன்றுதான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். இரண்டு பெட்டிகளோடு எங்கள் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள்.

"கொஞ்ச நாள் இருக்கட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர். அவருடைய 'பார்க்கலாம்' எப்படிப்பட்டது என்று எனக்குப் பதினெட்டு வருஷமாகத் தெரியும். அக்காவுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது. போக்கிடம் இல்லாதவள் என்ன செய்வாள்? கண்ணில் பட்டதையெல்லாம் தேய்த்தாள். மின்விசிறி இறக்கை, சுவிட்ச் போர்டு, மிதியடி, ஒன்றையும் விடவில்லை.

கடைசியில் மீன்தொட்டிக்கு வந்தாள். கூடத்தில் இருக்கும் அந்தத் தொட்டி அவருடைய உயிர். எட்டுத் தங்கமீன்கள். அவற்றில் ஒன்று ஒன்பது வயதுக் கிழம், உள்ளங்கை அகலம். அதற்கு 'முதலாளி' என்று பெயர் வைத்திருந்தார். நாங்கள் இருவரும் வேலைக்குப் போயிருந்த ஒரு நாள் அக்கா ஃபில்டரைத் திறந்திருக்கிறாள். உள்ளே ஸ்பாஞ்ச், கரேலென்று, கொழகொழவென்று. அவளுக்கு உடம்பே கூசியிருக்கும். அதை எடுத்துப் பாத்திரத்தில் போட்டு இருபது நிமிஷம் கொதிக்கவிட்டாள். அடியில் கிடந்த கூழாங்கற்களை பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்து ஏழு தண்ணீரில் அலசினாள். சாயங்காலம் வந்து பார்த்த அவரே, "அட, கடையில வாங்கின மாதிரி இருக்கே!" என்றார். அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படியொரு சிரிப்பு.

நான்காம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தன. ஐந்தாம் நாள் இரண்டு மிதந்தன.

அவர் மீன் கடைக்காரரை வீட்டுக்கே கூட்டிவந்தார். கடைக்காரர் ஸ்பாஞ்சைப் பிழிந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். "அழுக்குன்னு நெனச்சீங்களாம்மா? அதுலதான் நல்ல பாக்டீரியா குடியிருக்கும். மீனோட கழிவுல அம்மோனியா வரும், அது விஷம். ஒரு பாக்டீரியா அதை நைட்ரைட்டா மாத்தும். அதுவும் விஷம்தான். இன்னொண்ணு வந்து அதை நைட்ரேட்டா மாத்தினாத்தான் மீனுக்கு மூச்சு. நீங்க மொத்தத்தையும் வேகவெச்சிட்டீங்க."

"கிருமி செத்தா நல்லதுதானே?" என்று சின்னக் குரலில் கேட்டாள் அக்கா. என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய நண்பர்கள் சாப்பிட வந்திருந்தார்கள். அக்காதான் பரிமாறினாள். "இவங்கதான் நம்ம பிளீச்சிங் அக்கா" என்று அறிமுகப்படுத்திவிட்டு, "ஒரு பந்தயம் வெச்சுக்குவோம். முதலாளி பொழைச்சா அக்கா இங்கேயே இருக்கலாம். முதலாளி போயிட்டா அக்காவும் பெட்டியைக் கட்டலாம். என்னக்கா, சரியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இதைச் சொல்லாமல் மறைத்து எனக்கு என்ன ஆகப்போகிறது?

"சரி தம்பி" என்றாள் அக்கா. அவள் சிரிக்கவில்லை.

மறுநாளிலிருந்து தொட்டியே கதியென்று ஆனாள். தினமும் கால்வாசித் தண்ணீரை இறைத்துவிட்டு, குளோரின் நீங்கிய தண்ணீரை வாளி வாளியாகச் சுமந்து ஊற்றினாள். முழங்கால் வீங்கிப்போனது. இரையைக் குறைத்தாள். கடைக்காரர் தன் தொட்டியிலிருந்து ஒரு பழைய ஸ்பாஞ்ச் கொடுத்தார். யாருடைய மீனோ கழிந்த அழுக்கு. அதை முகத்தைச் சுளித்துக்கொண்டே வாங்கிவந்து, கழுவாமல் ஃபில்டரில் வைத்தாள். எனக்குத் தெரிந்து அவள் கழுவாமல் வைத்த முதல் பொருள் அது.

காலையில் தொட்டித் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்து, சோதனை மருந்துச் சொட்டுகள் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பாள். மஞ்சளாகவே இருந்தால் அம்மோனியா இல்லை. பச்சை ஏறினால் ஆபத்து. "ஆஸ்பத்திரியில நாடா நிறம் மாறினா நிம்மதி, இங்க மாறினா பயமா இருக்குடி" என்பாள். இரண்டாம் வாரக் கடைசியில் பச்சை குறைந்தது. குழந்தை மாதிரிக் குதித்தாள். அதற்குள் நைட்ரைட் ஏறி, இன்னும் நான்கு மீன்கள் செத்தன. ஒவ்வொன்றையும் அவள் கையாலேயே எடுக்கச் சொல்லிப் பக்கத்தில் நின்று எண்ணினார் அவர்.

அந்த வாரம்தான் அவர் என்னிடம் விஷயத்தைச் சொன்னார். என் கொழுந்தனுக்கு இந்த ஊரில் வேலை கிடைத்திருக்கிறது, அடுத்த மாதம் வருகிறான், பின்னறை அவனுக்கு வேண்டும். "மீன் பொழைச்சாலும் செத்தாலும் உங்கக்கா கிளம்பணும். நீயே சொல்லிடு."

நான் சொல்லவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே போனேன். அவள் வாளியோடு என் முன்னால் நொண்டிக்கொண்டு போவாள், நான் காபியை ஆற்றிக் குடித்துக்கொண்டிருப்பேன். சொன்னால் அழுவாள், அதை யார் பார்ப்பது என்பது ஒன்று. சொல்லிவிட்டால் வாளி என் கைக்கு வந்துவிடும் என்பது இன்னொன்று. சுரணை கெட்ட ஜென்மம் நான்.

ஆறாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, "இங்க வாயேன்" என்று கூப்பிட்டாள். இரண்டு கண்ணாடிக் குழாய்கள். அம்மோனியாவுக்கு ஒன்று, மஞ்சள். நைட்ரைட்டுக்கு ஒன்று, நீலம். இரண்டு விஷமும் பூஜ்யம். நாலு நாளாக அப்படியே நிற்கிறதாம். முதலாளி வாலை வீசிக்கொண்டு கண்ணாடிப் பக்கம் வந்தது.

இனித் தள்ள முடியாது. தரையைப் பார்த்துக்கொண்டே கொழுந்தன் வருவதைச் சொன்னேன்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"நேத்துதான்க்கா சொன்னாரு."

அக்கா குழாய்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"மூணாவது வாரமே உன் வீட்டுக்காரர் என்கிட்ட கேட்டாரு, 'என்னக்கா, தங்கச்சி இன்னும் சொல்லலையா?'ன்னு. எல்லாத்தையும் சொல்லிட்டாரு. மீனைக் கெடுத்தது நான், அதனால தண்ணி தூக்கினேன். அது வேற. ஆனா தினமும் வாளியை எடுக்கும்போது, இன்னைக்காவது நீ வாயைத் திறப்பேன்னு பார்த்தேன்டி."

காலில் விழுந்திருக்கலாம். கட்டிக்கொண்டு அழுதிருக்கலாம். என் வாயிலிருந்து வந்தது என்ன தெரியுமா?

"அவன் ஞாயித்துக்கிழமை வர்றான்க்கா. சனிக்கிழமைக்குள்ள ரூம் காலியாகணும்" என்றேன்.