அக்காவின் ஜடைக்குப் போன பஸ் எலுமிச்சம்பழம்

உளுந்தூர்பேட்டைக்கு முன்னால் இடஒதுக்கீடு மறியல். எங்கள் பஸ் நகரவே இல்லை.

நான் கொண்டுவந்த ஸ்லைம்தான் நகர்ந்தது.

பசையில் வெண்காரத் தண்ணீர் கலந்து உருட்டிய கொழகொழ விளையாட்டு உருண்டை. பந்தாக எகிறும். நண்பர்களை மிரட்டலாம் என்று மேலே சாமான் கம்பியில் வைத்திருந்தேன். சும்மா கிடந்ததில் தேனாக வழிந்து, முன்சீட்டு அக்காவின் ஜடையில் இறங்கிவிட்டது.

அக்கா கல்லூரியில் வேதியியல் ஆசிரியர் வேலை நேர்காணலுக்குப் போகிறவர். பக்கத்து சீட்டு அம்மா, "முடிய கத்தரிச்சிடும்மா" என்றார். "அக்கா, அது என் ஸ்லைம்" என்றேன்.

அக்கா தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "இன்னாடா, பசையும் வெண்காரமுமா?"

"ஆமாக்கா. பந்தா இருந்துச்சு, எப்டி ஓடுச்சுன்னே தெர்ல."

"மறியல்ல கைகோத்துக்கினு நிக்கிறாங்கல்ல, இதுக்குள்ள பசை இழைங்களும் வெண்காரமும் அப்படித்தான். வேகமா மோதினா கைய வுட நேரமில்ல, எகிறும். சும்மா வுட்டா ஒரு கைய வுட்டு இன்னொரு கைய புடிச்சிக்கினே நகந்துடும். புளிப்பு பட்டா மொத்தமா கைய வுட்டுடும்."

சொல்லிவிட்டு டிரைவரைக் கூப்பிட்டார். "அண்ணே, கண்ணாடிகிட்ட தொங்குற எலுமிச்சம்பழத்த குடுங்க!"

"அது திருஷ்டிக்குக் கட்னதும்மா!"

"திருஷ்டி என் ஜடையிலதான் குந்திக்கினு இருக்கு!"

பஸ்ஸே சிரித்தது. பழம் வந்தது. சாறு பட்டதும் ஸ்லைம் தண்ணீராகக் கரைந்தது. பாட்டில் தண்ணீரில் அலசி, மறியல் முடிவதற்குள் அக்கா மறுபடி ஜடை பின்னிவிட்டார்.

இறங்கும்போது, "வேல கெடச்சா என் கிளாஸுக்கு மட்டும் வந்துடாத" என்றார்.

அந்தக் கல்லூரியில்தான் சேரப்போகிறேன்.

திருஷ்டிப் பழம் இல்லாமல் ஓடும் அந்த பஸ்ஸில் யாரெல்லாம் ஏறுகிறீர்கள்?