சூசை மாமாவின் பட்டைத் தண்ணீர்

இன்று பட்டுக்கோட்டையில் தங்கை குழந்தைக்கு ஞானஸ்நானம். பிரியாணிப் பந்தியில் சூசை மாமாவுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.

பயிரில் பூச்சி விழுந்தால் வேளாண்மை ஆபீசரைத் தேடி ஓடுகிற மனிதர், தன் சர்க்கரை நோய்க்கு மட்டும் வாட்ஸப்பைத்தான் நம்புவார்.

"மாத்திரைய நிறுத்தி ஒரு மாசம் ஆச்சும்மா. காலையில வெறும் வயித்துல பட்டைத் தண்ணிதான். சுகர் நார்மல்!"

சொல்லிக்கொண்டே, பிரியாணியில் கிடந்த பட்டைகளை எல்லாம் பொறுக்கி இலை ஓரத்தில் ஒதுக்கினார். பிரெட் அல்வா வந்ததும், "இன்னொரு கரண்டி வைங்க" என்றார்.

கை கழுவும் இடத்தில் அவர் மனைவி லூர்து அத்தையைப் பிடித்தேன்.

"என்ன அத்த, மாத்திரைய நிறுத்த விட்டுட்டீங்களே?"

அத்தை சுற்றுமுற்றும் பார்த்தார்.

"யாருடி நிறுத்துனா? டாக்டர்கிட்ட கேட்டுட்டு, தினமும் பொடிச்சு அந்தத் தண்ணியிலதான் கலக்குறேன். கசக்குதேன்னாரு. ஒரிஜினல் பட்டை அப்படித்தான் இருக்கும்னுட்டேன்."

நான் வீடு திரும்புவதற்குள் மாமா தன் ரிப்போர்ட்டைக் குடும்ப குரூப்பில் போட்டிருந்தார். 'எல்லாம் பட்டையின் மகிமை!'

கீழே முதல் ஆளாக என் அப்பா: 'நாளையிலேருந்து நானும் மாத்திரைய நிறுத்துறேன்.'

உண்மையைச் சொன்னால் அத்தை மாட்டிக்கொள்வார். சொல்லாவிட்டால் அப்பா படுத்துவிடுவார். அதனால் அம்மாவை அத்தையிடம் போனில் பேச வைத்தேன்.

பேசி முடித்ததும் அம்மா கூடையை எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். வாசலில் நின்று அப்பாவிடம் சொன்னார்: "நல்லா கசக்குற பட்டையா பாத்து வாங்கிட்டு வரேங்க."

பட்டைத் தண்ணீரால் சர்க்கரை குறைந்த ஆண்கள் யாராவது இங்கே இருந்தால், அதைப் போட்டுக் கொடுப்பது யார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போங்கள்.